ஒப்பீட்டு ஆள்

ஆராய்ச்சிக்கு நோயில்லாத உடன்பிறப்பு ஒருவர் தேவை என்று
வால்டிவியா மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது.
முப்பத்துமூன்று வயதில் எனக்கொரு பதவி:
அக்காவுக்கு அளவுகோல்.

யஸ்னாவுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்று.
சாந்தியாகோவில் ஆறு மாதம்.
முதுகுத்தண்டில் ஊசி, தலைக்குக் கதிர்,
பொம்மைக்கும் ஒரு முகமூடி.
அவளுக்கு முடி திரும்ப முளைத்த மாதத்தில் நான் பிறந்தேன்.
முடி முளைக்கும் என்றார்கள். முளைத்தது.
பிழைப்பாளா என்று அம்மா கேட்டாள். பிழைத்தாள்.
அதற்கு மேல் கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் எழவில்லை.
கேட்டுத் தெரிந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பாள்.
நானும் போட்டிருப்பேன்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் சோம்பேறி என்றார்கள்.
ஏழாம் வாய்ப்பாடு திங்கட்கிழமை இருந்தது,
புதன்கிழமை இல்லை.
என் ஒன்பதாவது வயதில்
அவளுடைய வகுத்தல் கணக்கை நான் போட்டுக் கொடுத்தேன்.
அவள் எனக்குப் பென்சில் சீவித் தந்தாள்.
அன்றிலிருந்து
பிறப்பில் அவள் அக்கா, கணக்கில் நான் அண்ணன்.
இருவருமே அதைப் பேசியதில்லை.

இப்போது ஆற்றோரச் சந்தையில் மீன் விற்கிறாள்.
முதுகுக்குப் பின்னால் கடல் சிங்கங்கள்
குடலுக்கும் தலைக்கும் வாய் பிளந்து கிடக்கும்.
மெர்லூசாவின் நடு முள்ளை ஒரே இழுப்பில் உருவுவாள்.
கை எதையும் மறக்கவில்லை.
இரண்டு பேர் சேர்ந்து பேசினால்தான்
ஒருவர் சொன்னது தண்ணீரில் விழுந்துவிடும்.
மீதிச் சில்லறைக்கு அட்டையில் கோடு கிழித்துப் பார்ப்பாள்.
பத்தாயிரம் பெசோவை நீட்டியவர் பெருமூச்சு விடுவார்.
சாயங்காலம் எந்தப் பெருமூச்சு யாருடையது என்று
ஒன்று விடாமல் சொல்வாள்.

மூன்றாவது மாடி. ஜன்னலில் மழை.
மார்பில் ஓயார்சுன் என்று பெயர் குத்திய பெண்
எண்களைச் சொல்வாள், நான் பின்னிருந்து சொல்ல வேண்டும்.
ஏழு, இரண்டு, ஒன்பது.
ஒன்பது, இரண்டு, ஏழு.
நான்கு, எட்டு, ஒன்று, ஆறு.
ஆறு, ஒன்று, எட்டு, நான்கு.
கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.
அப்புறம்தான் உறைத்தது,
இங்கே நான் ஏறும் ஒவ்வொரு படியும்
பக்கத்து அறையில் இருப்பவளை ஒரு படி இறக்குகிறது.

மூன்று, எட்டு, ஐந்து, இரண்டு, ஒன்பது.
பதில் நாக்கில் சுட்டது.
தெரியவில்லை என்றேன்.

பென்சில் நின்றது.
"உடன்பிறந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மறப்பார்கள்" என்றாள்,
கோபமில்லாமல், இருமிக்கொண்டே.
"நீங்கள் குறைந்தால்
அவருக்கு எதுவுமே நடக்கவில்லை என்று என் தாள் சொல்லும்."

குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பிறகு, ஒன்பது, இரண்டு, ஐந்து, எட்டு, மூன்று.
யாரையும் இவ்வளவு தெளிவாக
நான் காட்டிக்கொடுத்ததில்லை.
இனி நிறுத்தவில்லை. எட்டு எண் வரை போனேன்.

பேருந்தில் அவள் கண்களை மூடியிருந்தாள்.
ஒரு மணி நேரம் யோசித்தால் அவளுக்கு ஒரு நாள் உழைத்த களைப்பு.
"உனக்கு எத்தனை?"
"எட்டு."
"எனக்கு மூன்று. மூன்றாவதும் பாதி அதிர்ஷ்டம்."
சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
இரண்டு நிறுத்தம், பாலம், மரக்கிடங்கு, மழை.
பிறகு கண்ணைத் திறக்காமலே,
"அப்போ நான் சோம்பேறியில்லை."

என்னிடம் சொன்னாளா,
செத்துப்போன அந்தக் கணக்கு டீச்சரிடமா,
தெரியாது.

மறுநாள் போனேன். வழக்கம்போல் சேறு, செதில், கூச்சல்.
விலை அட்டையில், மட்டி கிலோ இவ்வளவு என்பதற்குக் கீழே
கோணலாகப் புது வரி ஒன்று:
மீதி தருவேன். நேரமாகும்.